அரிப்பு ஓரிடம், நாற்றம் ஓரிடம்

நாயைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, அது படுக்கிற மெத்தையையும் துவைத்துக் காயப்போட்ட மறுநாளே வீட்டுக்குள் ஒரு வாடை. கெட்டுப்போன மத்தி மீனும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை. நாய் வளர்க்கிறவர்களில் பலருக்கு இது பழக்கமானதுதான். ஷாம்பூவை மாற்றிப் பயனில்லை, ஏனென்றால் இது தோலிலிருந்து வருவதில்லை, வாலுக்கடியிலிருந்து வருகிறது.

நாயின் ஆசனவாய்க்கு இரு பக்கமும், கடிகார முள் 4-லும் 8-லும் நிற்கும் இடங்களில், தோலுக்கு உள்ளே இரண்டு சின்னப் பைகள் இருக்கின்றன. டாக்டர், க்ரூமிங் கடைக்காரர், நாய் வளர்ப்பவர் எல்லோருக்கும் அது ‘ஏனல் கிளாண்ட்’. அதில் சுரக்கிற திரவத்தின் வாடை நாய்க்கு நாய் வேறுபடும். தெருவில் ஒன்றின் பின்புறத்தை இன்னொன்று முகர்ந்து ஊர், பேர் விசாரித்துக்கொள்வதில் இதற்கும் பங்கு உண்டு. மலம் கெட்டியாக வெளியேறும்போது அந்த அழுத்தத்திலேயே பைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியாகிவிடும். மலம் இளகலாகப் போனால் அழுத்தம் கிடைக்காது. பையிலிருந்து வரும் மெல்லிய குழாயின் வாய் வீங்கினாலும் திரவம் உள்ளேயே நின்றுவிடும். நின்றது கெட்டியாகும், கிருமி சேரும், சீழ் பிடிக்கும், கடைசியில் பக்கத்துத் தோலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். எந்தக் கட்டத்தில் டாக்டரிடம் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் நாய்க்கு வலியும் நமக்குச் செலவும்.

எங்கள் வீட்டு பக் நாய்க்குப் பூரி என்று பெயர். சென்னையில் பெரம்பூர் பக்கம் இருக்கிறோம். இந்தத் தொல்லை அவளுக்கு இரண்டு வயதில் ஆரம்பித்தது. முதலில் அவள் காட்டியது எல்லோரும் பார்த்துச் சிரிக்கிற அந்த வித்தைதான்: உட்கார்ந்தபடியே பின்னங்கால்களை முன்னால் நீட்டி, பின்புறத்தை ஹால் முழுக்க இழுத்துக்கொண்டு போவது. மகன் அதை வீடியோ எடுத்து அனுப்பாத சொந்தக்காரர் இல்லை. (அந்த வீடியோ பிறகு உதவியது. டாக்டர் முன்னால் எந்த நாயும் இந்த வித்தையைக் காட்டாது. நீங்களும் எடுத்து வையுங்கள்.) அப்புறம் யாரோ கிள்ளிவிட்ட மாதிரி சட்டென்று திரும்பி வாலைப் பார்ப்பாள். நடந்துகொண்டே இருப்பவள் திடீரென உட்கார்ந்துவிடுவாள்.

இதைச் சொன்னால் அபார்ட்மெண்டில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: “பூச்சி இருக்கும், மாத்திரை போடுங்க.” அப்படியும் இருக்கலாம். நாடாப்புழு இருந்தால் வால் ஓரத்திலும் மலத்திலும் அரிசி மாதிரி துணுக்குகள் ஒட்டியிருக்கும். தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்குவதால் வருகிற புழு அது. பிராசிகுவான்டெல் சேர்ந்த மாத்திரை கொடுத்தால் போய்விடும். பூரிக்கும் கொடுத்தோம். ஹாலில் இழுத்துப் போவது நிற்கவில்லை. மலத்தைக் கொண்டுபோய்ப் பரிசோதித்ததில் புழுவும் இல்லை.

அடுத்தது பிழிந்துவிடுவது. நகம் வெட்ட, காது துடைக்க அழைத்துப் போகிற க்ரூமிங் கடையில் “கிளாண்டும் பிழிஞ்சு விட்டுடறோம் மேடம், பேக்கேஜ்லயே வருது” என்பார்கள். பிழிந்ததும் நாய் நிம்மதியாக இருக்கும். கொஞ்ச நாளில் மறுபடி நிறையும், மறுபடி பிழிய வேண்டும். முதலில் மாதம் ஒருமுறை, அப்புறம் அதற்கும் முன்னாலேயே. நிறையாத பையை வழக்கத்துக்காகப் பிழிவது கெடுதல் என்று பிறகு ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். வெளியிலிருந்து அழுத்தும்போது மெல்லிய குழாய் காயப்படும், வீங்கும். வீங்கினால் அடைக்கும், அடைத்தால் திரும்பப் பிழிய வேண்டும். உண்மையிலேயே அடைத்திருந்தால் டாக்டர் கையுறை போட்டு, ஒரு விரலை உள்ளே விட்டு, பையைப் பெருவிரலுக்கும் அந்த விரலுக்கும் நடுவே பிடித்து மெல்ல அழுத்துவார். வருவது என்ன நிறம், என்ன பதம் என்று பார்ப்பதும் முக்கியம். மஞ்சளும் பழுப்புமாக நீர்த்து வந்தால் பெரிய பிரச்சினை இல்லை. பேஸ்ட் மாதிரி வந்தால் அடைப்பு. சீழோ ரத்தமோ கலந்து வந்தால் மருந்து வேண்டும். க்ரூமிங் கடையில் பஞ்சில் துடைத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள், இந்தத் தகவல் நமக்குக் கிடைக்காது. பிழிவதை வீட்டிலேயே கற்றுக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள் உண்டு. பத்து வருஷமாக நாய் வளர்க்கிறவர்கள் செய்யட்டும். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை, வர வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது.

ஒரு நாள் காலையில் ஆசனவாய்க்கு வலது பக்கம் சிவந்து, கோலிக்குண்டு அளவுக்கு வீங்கியிருந்தது. வாலைத் தொடவிடாமல் உறுமினாள். மலம் கழிக்க முக்கி, வலியில் பாதியிலேயே எழுந்துவிட்டாள். இது சீழ்க்கட்டி. இதை யாரும் பிழியக் கூடாது. டாக்டர் லேசாக மயக்கம் கொடுத்து, கட்டியைத் திறந்து, சலைன் விட்டுக் கழுவி, ஆன்டிபயாடிக்கும் வலி மருந்தும் எழுதித் தந்தார். தானே உடைந்து ரத்தமும் சீழுமாக வந்தாலும் இதே வைத்தியம்தான். உடைந்தால் பார்க்கப் பயங்கரமாக இருக்கும், ஆனால் அழுத்தம் குறைந்து நாய்க்கு வலி குறைவது அப்போதுதான். பதறாமல் அன்றைக்கே டாக்டரிடம் கொண்டுபோனால் போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சுத்தமான துணியை இளஞ்சூட்டு வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, அந்த இடத்தில் பத்து நிமிஷம் ஒத்தடம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை. நக்காமல் தடுக்க, கழுத்தில் மாட்டும் கோன் (கூம்பு வடிவப் பட்டை) கண்டிப்பாக வேண்டும். பக் நாயின் வாய் அங்கே எட்டாது என்று நினைக்காதீர்கள், சுவரில் சாய்ந்துகொண்டாவது எட்டிவிடும். ஆன்டிபயாடிக் மூன்றாம் நாளே நன்றாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், ஐப்யூபுரூஃபன் எதையும் கொடுக்கவே கூடாது, மனிதனுக்குச் சாதாரணமான அளவே நாய்க்கு விஷமாகலாம். மஞ்சள் அரைத்துப் போடலாமா என்று அத்தை கேட்டார். திறந்த காயத்தில் எதுவும் போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மஞ்சள் டப்பா அலமாரியை விட்டு இறங்கவில்லை.

காயம் ஆறினதைப் பார்க்கப் போனபோதுதான் பேச்சு திசை மாறியது. எங்கள் டாக்டர் வயதானவர், அவசரப்படாதவர். பூரியின் வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உடனே காதைப் புரட்டினார். உள்ளே சிவப்பு, பழுப்பு மெழுகு, ஊறிப்போன மாவின் புளிப்பு வாடை. அப்புறம் பாதங்களைப் பிரித்துப் பார்த்தார். விரல்களுக்கு நடுவே முடி செம்பழுப்பு. எப்போதும் நக்கிக்கொண்டே இருந்தால் எச்சில் பட்டு முடி அந்த நிறமாகும். “ஏம்மா, காது, கால், பின்பக்கம் மூணும் சேர்ந்து வந்தா அது மூணு வியாதி இல்லம்மா. அலர்ஜியான்னு பார்க்கணும்” என்றார்.

மனிதனுக்கு அலர்ஜி என்றால் தும்மல், மூக்கொழுகல். நாய்க்கு அது பெரும்பாலும் தோலில்தான் தெரியும்: காது, பாதம், அக்குள், அடிவயிறு, ஆசனவாயைச் சுற்றி. அந்தச் சுற்றுத்தோல் வீங்கும்போது சுரப்பிக் குழாயின் வாயும் சேர்ந்து வீங்குகிறது. உணவு ஒத்துக்கொள்ளாவிட்டால் மலமும் இளகுகிறது. இரண்டும் சேர்ந்தால் பை நிறையாமல் என்ன செய்யும்? எத்தனை முறை பிழிந்தாலும் இது அப்படியே இருக்கும். ஏனல் கிளாண்ட் கோளாறு எல்லாமே அலர்ஜியால் வருவதில்லை. சின்ன ரக நாய்களுக்கும் குண்டு நாய்களுக்கும் அலர்ஜி இல்லாமலே வரும். ஆனால் திரும்பத் திரும்ப வந்தால், கூடவே காதிலும் காலிலும் அரிப்பு இருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அலர்ஜியைத்தான்.

அலர்ஜியில் மூன்று வகை. தெள்ளுப்பூச்சியின் எச்சிலால் வருவது, சாப்பாட்டால் வருவது, தூசி, பூஞ்சை, மகரந்தம் போன்ற சுற்றுப்புறப் பொருள்களால் வருவது. ஒரே நாய்க்கு இரண்டு மூன்றும் இருக்கலாம். எளிதாகக் கழித்துக்கட்டக் கூடியதிலிருந்து தொடங்க வேண்டும் என்பது டாக்டரின் வழி, எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

முதலில் தெள்ளு. “எங்க நாய்க்குத் தெள்ளே இல்லை” என்று நானும்தான் சொல்லிப் பார்த்தேன். அலர்ஜி உள்ள நாய்க்கு நாள் முழுக்க அரிக்கச் சில கடிகளே போதும். கடித்த பூச்சியை நாய் நக்கியே விழுங்கிவிடுவதால் நம் கண்ணில் படாது. வெள்ளைத் துணியின் மேல் நாயை நிற்க வைத்து, வால் அடியில் பேன் சீப்பால் வாரி, விழுகிற கருப்புத் துகளில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பாருங்கள். பஞ்சு செம்பழுப்பாக மாறினால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். சென்னையில் தெள்ளு செத்து ஒழிகிற அளவுக்குக் குளிர் எந்த மாதமும் வருவதில்லை. அதனால் பன்னிரண்டு மாதமும் மருந்து போட்டாக வேண்டும். மெல்லும் மாத்திரைகளில் சில நான்கு வாரம் வேலை செய்யும், சில பன்னிரண்டு வாரம். கழுத்தில் சொட்டு விடும் மருந்தும் உண்டு. பூரிக்கு நாங்கள் சொட்டு மருந்தைத் தேர்ந்தெடுத்தோம், காரணம் அடுத்து வருகிறது.

அடுத்தது சாப்பாடு. இதற்குத்தான் வீட்டில் பெரிய சண்டையே நடந்தது.

ரத்தம் எடுத்து, எச்சில் எடுத்து எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று பட்டியல் தருகிற டெஸ்டுகள் விற்கிறார்கள். உணவு அலர்ஜிக்கு அவற்றை நம்ப முடியாது என்பதே தோல் மருத்துவர்களின் கருத்து. நம்பகமான ஒரே வழி நீக்கிப் பார்ப்பது. நாய் இதுவரை சாப்பிடாத ஒரு புரதமும் ஒரு மாவுச்சத்தும் மட்டும், குறைந்தது எட்டு வாரம், வேறு எதுவுமே இல்லாமல். 2015-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பின்படி உணவு அலர்ஜி உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கும் மேல் ஐந்து வாரத்தில் தேறிவிடுகின்றன, எட்டு வாரம் காத்திருந்தால் 90 சதவீதத்தைத் தாண்டுகிறது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு “ஒண்ணும் மாறல” என்று கைவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

பூரி இதுவரை என்னென்ன சாப்பிட்டிருக்கிறாள் என்று எழுதி வரச் சொன்னார் டாக்டர். எழுத எழுதப் பக்கம் நிறைந்தது. கோழிச் சோறு, கோழி ஈரல், பாக்கெட் தீவனம், தயிர்சாதம், முட்டை, மேரி பிஸ்கெட், மகன் தட்டில் மிச்சம் வைக்கிற சப்பாத்தி, ஞாயிறன்று மட்டன் எலும்பு, அத்தை தினமும் சாயங்காலம் ஊற்றுகிற பால். “குட்டியிலேர்ந்து சாப்பிடறதுதானே, இப்ப மட்டும் எப்படி ஒத்துக்காம போகும்?” என்று வீட்டுக்காரர் கேட்டார். அலர்ஜி அப்படித்தான் வரும். உடல் ஒரு புரதத்தைப் பலமுறை சந்தித்த பிறகுதான் அதை எதிரியாக்கிக்கொள்கிறது. 2016-ல் வெளியான இன்னொரு தொகுப்பில், உணவு அலர்ஜி உறுதியான 297 நாய்களைக் கணக்கெடுத்திருந்தார்கள். 34 சதவீதத்துக்கு மாட்டிறைச்சி, 17-க்குப் பால் பொருள்கள், 15-க்குக் கோழி, 13-க்குக் கோதுமை. நாய்கள் எதை அதிகம் சாப்பிடுகின்றனவோ அதுதான் பட்டியலின் மேலே நிற்கிறது. நம்மூரில் மாட்டிறைச்சி சாப்பிடாத வீட்டு நாய்க்குக் கோழியும் பாலும்தான் முதல் சந்தேகம்.

புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துத் தயாரிக்கிற மருத்துவத் தீவனம் ஒன்று உண்டு. உடல் அதை அடையாளம் கண்டுகொள்ளாது, வேலையும் சுலபம். விலையைக் கேட்டதும் வீட்டுக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். கடையில் ‘லேம்ப்’, ‘ஃபிஷ்’ என்று முன்பக்கத்தில் எழுதிய சாதாரணப் பாக்கெட்டும் உதவாது. திருப்பி, பின்னால் இருக்கிற பொடி எழுத்தைப் படித்தால் கோழிக் கொழுப்போ கோழித் தூளோ எட்டிப் பார்க்கும். பூரி மீன் சாப்பிட்டதே இல்லை. எங்கள் வீட்டில் அத்தைக்கு மீன் ஆகாது, அதனால் சமைப்பதில்லை. ஆகவே மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் என்று முடிவானது. வாடை போக வேண்டும் என்று ஆரம்பித்த வைத்தியத்தில் வீடே மீன் வாடை அடித்தது. அத்தை தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாம்பிராணி போட்டார்.

உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் வெறும் தண்ணீரில் வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுக்க வேண்டும். முள் குறைவான மீனாக வாங்கினால் நேரம் மிச்சம். இந்தச் சாப்பாட்டில் கால்சியம் உட்படச் சில சத்துகள் போதாது. வளர்ந்த நாய்க்குச் சில வாரங்கள் தாங்கும், குட்டிக்கு ஆகாது. நிரந்தரமாகத் தொடர்வதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டுச் சத்துப்பொடி சேர்த்தாக வேண்டும்.

சமைப்பதில் பெரிய கஷ்டம் இல்லை, மற்றவர்கள் கையைக் கட்டிப்போடுவதுதான் பெரிய பாடு. வாட்ச்மேன் பொறை கொடுப்பார். கீழ்வீட்டுப் பாப்பா சிப்ஸ் கொடுக்கும். நடைக்குப் போனால் டீக்கடை வாசலில் வடைத் துணுக்கு கிடக்கும். ஒரு வாய் போதும், அரிப்பு திரும்பிவிடும், எதனால் என்று நமக்குப் புரியாது. மாத்திரையைப் பாலாடையில் பொதிந்து கொடுப்பது, கோழி வாசனை சேர்த்த பல் பேஸ்ட், இறைச்சிச் சுவை கொண்ட தெள்ளு மாத்திரை, பூச்சி மாத்திரை எல்லாமே இந்தக் கணக்கில் வரும். சொட்டு மருந்துக்கு மாறியது இதனால்தான். பூரியின் கழுத்துப் பட்டையில் “எனக்கு எதுவும் கொடுக்காதீங்க, வயிறு சரியில்லை” என்று மகன் ஓர் அட்டை எழுதி மாட்டினான். அலர்ஜி என்று எழுதியிருந்தால் யாரும் மதித்திருக்க மாட்டார்கள். வயிறு சரியில்லை என்றால் நம் ஆட்கள் உடனே கேட்டுக்கொள்வார்கள். அத்தையிடம் மட்டும் அட்டை செல்லவில்லை. “ஒரு வாய் பால் ஊத்தினா செத்தா போயிடும்?” என்றார். அவரை டாக்டரிடமே அழைத்துப் போனேன். டாக்டர் சொன்னதும் பால் நின்றது. மருமகள் சொல்வதும் டாக்டர் சொல்வதும் ஒன்றாகவே இருந்தாலும் எடை வேறு.

இந்தச் சமயத்தில் அரிப்புக்காக ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டே இருந்தால், சாப்பாட்டால் குறைந்ததா மருந்தால் குறைந்ததா என்று தெரியாமல் போகும். எங்கள் டாக்டர் ஆரம்பத்தில் சில நாள் மட்டும் கொடுத்து, காதுக்கும் தனியாகச் சொட்டு மருந்து கொடுத்து, இரண்டும் முடிந்த பிறகு கணக்கை ஆரம்பித்தார். நான் காலண்டரில் தினமும் மூன்று விஷயம் குறித்தேன்: மலம் எப்படி, தரையில் இழுத்தாளா, அரிப்புக்குப் பத்தில் எத்தனை மார்க். ஞாபகத்தை நம்பினால் நல்ல நாள் எல்லாம் மறந்து கெட்ட நாள் மட்டும் நிற்கும்.

மலம்தான் முதலில் மாறியது. காகிதத்தில் அள்ளினால் கறை படாத அளவுக்கு உருண்டு வந்தது. பிறகு தரையில் இழுப்பது குறைந்தது. காது கடைசியாகத்தான் தெளிந்தது, முழுக்கத் தெளியவும் இல்லை. எட்டு வாரம் ஆனதும் எல்லோரும் தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டார்கள். ஆனால் பழையதைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் பரிசோதனை முடியும். ஒரு நேரத்தில் ஒரே பொருள், இரண்டு வாரம் வரை கவனிக்க வேண்டும். கோழி கொடுத்த சில நாளிலேயே பாதத்தை நக்க ஆரம்பித்துவிட்டாள், தரையில் இழுப்பதும் வந்தது. நிறுத்தியதும் அடங்கியது. முட்டை, அரிசி, கோதுமை மூன்றும் ஒன்றும் செய்யவில்லை. பாலால் அரிப்பு வரவில்லை, ஆனால் மலம் இளகியது. அது அலர்ஜியாக இல்லாமல், பாலில் இருக்கிற சர்க்கரை வளர்ந்த நாய்க்குச் செரிக்காமல் போவதாகவும் இருக்கலாம். காரணம் எதுவானாலும் சுரப்பிக்குக் கெடுதல் ஒன்றுதான், பால் திரும்ப வரவில்லை.

மிச்சம் இருந்த காது அரிப்புக்காக வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எங்களை அனுப்பினார் டாக்டர். 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. அங்கே தோல் நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் வரிசையில் நிற்பது நல்லது, பழைய மருந்துச் சீட்டுகளை எல்லாம் எடுத்துப் போவது அதைவிட நல்லது. காது மெழுகை ஸ்லைடில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஈஸ்ட் பூஞ்சை என்றார்கள். மழைக்காலத்தில் பூரிக்கு அதிகமாவதைக் காலண்டர் காட்டியது. ஆக, சாப்பாட்டு அலர்ஜியோடு சுற்றுப்புற அலர்ஜியும் கொஞ்சம் இருக்கிறது. அதற்கு முடிவான வைத்தியம் இல்லை, அடக்கி வைக்கலாம். வெளியே போய் வந்ததும் பாதங்களைக் கழுவி ஈரம் போகத் துடைப்பது, குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவைப் பத்து நிமிஷம் ஊறவைத்துக் கழுவுவது, அதிகமானால் அரிப்பை அடக்கும் ஓக்லாசிடினிப் மாத்திரை. ஒரு வயதுக்குக் குறைந்த நாய்க்கு அந்த மாத்திரை கொடுக்கக் கூடாது. ஸ்டீராய்டு மலிவு, உடனே கேட்கும். தொடர்ந்து கொடுத்தால் பசி, தாகம், எடை எல்லாம் ஏறும். பக் நாய்க்கு எடை ஏறுவது தனி வில்லங்கம்.

எடையும் இந்தக் கதையில் ஒரு பாத்திரம்தான். பக் நாய் 6 முதல் 8 கிலோவுக்குள் இருக்க வேண்டும், பூரி 9-ஐத் தாண்டியிருந்தாள். வாலைச் சுற்றிக் கொழுப்பு சேர்ந்தால் பைக்குச் சரியான அழுத்தம் கிடைக்காது. சோற்றைக் குறைத்து, வேகவைத்த மஞ்சள் பூசணியைக் கூட்டினோம். வயிறும் நிறைகிறது, நார்ச்சத்தும் சேர்கிறது. மலம் இளகுகிற நாளில் அரை டீஸ்பூன் இசப்கோல், நிறையத் தண்ணீரில் கலந்து. தண்ணீர் குறைந்தால் அதுவே மலச்சிக்கலாகும். நீக்கிப் பார்க்கிற எட்டு வாரம் முடிந்த பிறகுதான் இதையெல்லாம் ஆரம்பித்தோம்.

பையையே ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாமா என்று நானே கேட்டேன். எடுக்கலாம், செய்கிறார்கள். ஆனால் மலத்தை அடக்கும் தசையும் நரம்பும் பக்கத்திலேயே இருப்பதால் அடக்க முடியாமல் போகிற ஆபத்து கொஞ்சம் உண்டு, அலர்ஜியும் அப்படியே இருக்கும். திரும்பத் திரும்பச் சீழ் வைக்கிற நாய்க்கும், புற்றுக்கட்டி இருக்கிற நாய்க்கும்தான் கத்தி என்றார் டாக்டர். வயதான நாய்களுக்கு இந்தப் பையில் புற்றுநோய் வருவதுண்டு. சிலவற்றுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறி, வெளியே எதுவும் தெரியாமலே தண்ணீர் அதிகமாகக் குடிப்பதும் சிறுநீர் அதிகமாகப் போவதும் மட்டும் அடையாளமாக இருக்கும். எட்டு வயதைத் தாண்டிய நாய் உங்களிடம் இருந்தால், வருடாந்திரத் தடுப்பூசிக்குப் போகும்போது “கிளாண்டையும் ஒரு தடவை தொட்டுப் பாருங்க டாக்டர்” என்று நீங்களே கேளுங்கள். கேட்டால்தான் பார்ப்பார்கள், ஒரு நிமிஷ வேலை.